குவளைக்குள் எவ்வளவு விழுந்தது?



போன மாதம் ஒரு நாள், விடியற்காலை ஐந்தரை மணி. காலை நிகழ்ச்சிக்காக வானொலி நிலையத்துக்கு வந்து காரை நிறுத்தினேன். கைப்பேசி சத்தமிட்டது. எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் கிள்ளான் மாமா ஒரு செய்தியை அனுப்பியிருந்தார்.

"மூன்று கிலோமீட்டர் நீள இயந்திரம் செய்யும் வேலையை இனி ஓர் அடிக் குழாய் செய்யும்! விஞ்ஞானிகள் சாதனை! புற்றுநோய்க்கு மேசைமேல் இயந்திரம்!" கீழே பட்டாசுப் படம், கைகூப்பும் படம். அதற்கும் கீழே எனக்கென்று தனியாக ஒரு வரி: "கண்ணு, நீ மீடியாவுல இருக்க. இது நிஜமா? அக்காவுக்கு இது கிடைக்குமா?"

மாமா அக்கா என்று சொல்வது என் அம்மாவை. போன ஆண்டு அம்மாவுக்கு மார்பகப் புற்றுநோய். அறுவை சிகிச்சை முடிந்து, மூன்று வாரம் கதிரியக்கச் சிகிச்சையும் முடிந்து, இப்போது நன்றாக இருக்கிறார். ஆனால் எங்கள் வீட்டில் "புற்றுநோய்க்குப் புது இயந்திரம்" என்று ஒரு செய்தி வந்தால் யாரும் அதைச் சும்மா தள்ளிவிட்டுப் போக மாட்டோம். ஒரு கட்டைவிரல் படத்தைப் போட்டு மாமாவைச் சமாளிக்க எனக்கும் மனம் வரவில்லை.

நான் படித்தது ஊடகத் துறை, இயற்பியல் அல்ல. ஆனாலும் ஓய்வு கிடைத்தபோதெல்லாம் இதைப் பற்றியே படித்தேன். மாமாவுக்கு எழுதிய பதிலைத்தான் இந்த வாரம் உங்களோடும் பகிர்ந்துகொள்கிறேன்.

ஃபெரியும் சம்பானும்

முதலில், அந்தச் செய்தியில் உண்மை இருக்கிறதா? இருக்கிறது.

பினாங்கு ஃபெரியில் பின்பக்கமாக நின்று கடலைப் பார்த்திருப்பீர்கள். கப்பல் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு போக, பின்னால் அலை எழும்பும். சின்னச் சம்பான் ஒன்று சரியான இடத்தில் அந்த அலைமேல் ஏறிக்கொண்டால், துடுப்பே போடாமல் அலை அதைத் தள்ளிக்கொண்டு போகும்.

இங்கே ஃபெரி என்பது ஒரு லேசர் துடிப்பு. கடல் என்பது பிளாஸ்மா, அதாவது அணுக்களிலிருந்து எலெக்ட்ரான்கள் பிய்ந்து தனியாக அலையும் வாயு. மின்னலிலும் சூரியனிலும் இருப்பது அதுதான். மிகச் சக்தி வாய்ந்த லேசர் துடிப்பு பிளாஸ்மாவுக்குள் பாயும்போது வழியில் உள்ள எலெக்ட்ரான்களை விலக்கித் தள்ளும். அவை திரும்பி ஓடிவரும்போது பின்னால் ஓர் அலை உண்டாகும். சில எலெக்ட்ரான்கள் சம்பான் மாதிரி அந்த அலையில் ஏறிக்கொண்டு, ஒளியின் வேகத்தை நெருங்கிப் பாயும்.

இந்த யோசனையை 1979-இல் தோஷிகி தஜிமா, ஜான் டாசன் என்ற இருவர் அமெரிக்காவிலிருந்து எழுதினார்கள். அப்போது அதற்கு ஏற்ற லேசர் உலகில் இல்லை. குறுகிய துடிப்பை அதிகமாகப் பெருக்கினால், பெருக்கும் கருவியே கெட்டுவிடும். 1985-இல் டோனா ஸ்டிரிக்லண்ட், ஜெரார் மூரூ இருவரும் ஒரு வழி கண்டார்கள். துடிப்பை முதலில் இழுத்து நீட்டுவது, பிறகு பெருக்குவது, கடைசியில் மறுபடியும் சுருக்குவது. அதற்காக 2018-இல் இருவரும் நோபல் பரிசில் பங்கு பெற்றார்கள்.

இதனால் என்ன லாபம்? வழக்கமான முடுக்கியில் எலெக்ட்ரான்கள் உலோகக் குழிகளின் வழியாகப் போகும். அங்கே மின்புலத்தைக் கூட்டிக்கொண்டே போனால் ஒரு கட்டத்தில் உலோகத்தில் தீப்பொறி பறக்கும், குழி பழுதாகும். பிளாஸ்மாவுக்கு அந்தப் பயம் இல்லை. ஏற்கெனவே உடைந்து கிடப்பதை இன்னும் எப்படி உடைப்பது? அதனால் அதில் உலோகக் குழியைவிட ஆயிரம் மடங்கு வலிமையான மின்புலத்தை உருவாக்க முடியும். மீட்டர்கள் சென்டிமீட்டர்களாகச் சுருங்கும்.

கலிபோர்னியாவில் உள்ள லாரன்ஸ் பெர்க்லி தேசிய ஆய்வுக்கூடம் 2006-இல் 3.3 சென்டிமீட்டரில் 1 பில்லியன் எலெக்ட்ரான் வோல்ட் ஆற்றலைத் தொட்டது. 2019-இல் 20 சென்டிமீட்டரில் 7.8 பில்லியன். 2024-இல் 30 சென்டிமீட்டரில் 9.2 பில்லியன். மாமாவின் "ஓர் அடிக் குழாய்" இதுதான். அம்மா படுத்திருந்தது போன்ற மருத்துவமனை இயந்திரம் பெரும்பாலும் 6 மில்லியன் அளவில் வேலை செய்கிறது. கணக்குப் போட்டால் ஆயிரத்து ஐந்நூறு மடங்கு.

இரண்டு திருத்தங்கள் மட்டும். மூன்று கிலோமீட்டர் இயந்திரம் என்பது அதே கலிபோர்னியாவில் உள்ள ஸ்லாக் முடுக்கி. அது தன் முழு நீளத்தில் சுமார் 50 பில்லியன் வரை கொடுத்தது. ஆகவே ஓர் அடிக் குழாய் செய்தது மூன்று கிலோமீட்டர் வேலையை அல்ல, சுமார் 600 மீட்டர் வேலையை. அதுவே பெரிய சாதனைதான். இன்னொன்று, குழாய்தான் ஓர் அடி. அதை இயக்கும் லேசர் ஒரு பெரிய அறையையே நிரப்பும். மேசைமேல் வைக்க இன்னும் காலம் இருக்கிறது.

ஆனால் மாமா கேட்டதற்கு இவை பதில் ஆகாது. அம்மாவுக்கு இது கிடைக்குமா என்ற கேள்விக்கு வேறொரு எண் வேண்டும். அது எந்த எண் என்பதை நான் மருத்துவமனையில்தான் கற்றுக்கொண்டேன்.

காலை எட்டு மணி

அம்மாவின் சிகிச்சைக்கு எங்களுக்குக் கிடைத்தது காலை முதல் நேரம், எட்டு மணி. இரண்டாம் நாள் எட்டே காலாகியும் கூப்பிடவில்லை. எனக்கு பத்து மணிக்கு ஒலிப்பதிவு. பொறுமை இழந்து தாதியிடம் போய் நின்றேன். "மெஷின் செக் இன்னும் முடியலை" என்றார். பழுதான இயந்திரத்தில் அம்மாவைப் படுக்க வைக்கிறார்களோ என்று எனக்குப் பயம் வந்துவிட்டது. கொஞ்சம் குரலை உயர்த்தியும் பேசிவிட்டேன்.

உள்ளிருந்து இளம் மலாய்ப் பெண் ஒருவர் வந்தார். மருத்துவ இயற்பியலாளராம். கோபப்படாமல் என்னை அழைத்துப்போய், கதவருகே இருந்த திரையைக் காட்டினார். நோயாளி படுக்கும் இடத்தில் தட்டையான பெட்டி ஒன்று இருந்தது. அதற்குள் உணர்கருவிகள். இயந்திரத்தின் கதிர் அதில் விழுகிறது, எண்கள் திரையில் வருகின்றன.

"காக், தினமும் முதல் நோயாளிக்கு முன்னால் இதைச் செய்வோம். கதிர் வேண்டிய அளவில் வருகிறதா, வேண்டிய இடத்தில் விழுகிறதா, இரண்டு பக்கமும் சமமாக இருக்கிறதா என்று பார்ப்போம். இன்று ஒரு எண் கொஞ்சம் விலகி இருந்தது. அதனால் மறுபடியும் அளந்தோம்."

"நேற்று நன்றாகத்தானே வேலை செய்தது?" என்று கேட்டேன்.

"நேற்று சரியாக இருந்தது, காக். இன்றைக்கு இன்று அளந்தால்தான் தெரியும்."

பல நாடுகளில் பின்பற்றப்படும் அமெரிக்க மருத்துவ இயற்பியலாளர் சங்கத்தின் வழிகாட்டியைப் பிறகு தேடிப் பார்த்தேன். தினசரிச் சோதனையில் எக்ஸ்ரே வெளியீடு 3 விழுக்காட்டுக்கு மேல் விலகக் கூடாது என்கிறது. மாதச் சோதனையில் 2 விழுக்காடு. அந்த இயந்திரம் எத்தனை மில்லியன் வோல்ட் என்று அன்று யாரும் பெருமை பேசவில்லை. நேற்றுப்போலவே இன்றும் நடந்துகொள்கிறதா என்று மட்டும் பார்த்தார்கள். அம்மாவின் பாதுகாப்பு அதில்தான் இருந்தது.

தே தாரிக் கணக்கு

மாமாக் கடையில் தே தாரிக் இழுப்பவரைக் கவனியுங்கள். ஒரு முழ உயரத்திலிருந்து ஊற்றினால் நமக்கு ஆச்சரியம். இரண்டு முழம் என்றால் கைத்தட்டல். ஆனால் குடிக்கப் போகிறவர் பார்ப்பது குவளையை. எவ்வளவு உள்ளே விழுந்தது, எவ்வளவு தரையில் சிந்தியது?

லேசர்-பிளாஸ்மா முடுக்கியில் ஆற்றல் என்பது ஊற்றும் உயரம். கற்றையின் தரம் என்பது குவளை. செய்தித் தலைப்புகளில் உயரம் மட்டுமே வரும்.

இதற்கு இந்தத் துறையின் வரலாற்றிலேயே சான்று இருக்கிறது. ஆரம்பக் காலச் சோதனைகளில் எலெக்ட்ரான்கள் எல்லா ஆற்றலிலும் கலந்து சிதறி வந்தன. "உச்ச ஆற்றல் இவ்வளவு" என்று அறிவிக்கலாம், ஆனால் அந்த உச்சத்தைத் தொட்டவை கொஞ்சம்தான். 2004 செப்டம்பர் 30 அன்று 'நேச்சர்' இதழில் மூன்று குழுக்களின் கட்டுரைகள் ஒரே நேரத்தில் வந்தன. ஒன்று பிரிட்டன், ஒன்று அமெரிக்கா, ஒன்று பிரான்ஸ். இதழின் அட்டையில் போட்ட பெயர் 'கனவுக் கற்றை'. அவர்களின் ஆற்றல் 70 முதல் 170 மில்லியன் வரைதான், ஆனால் பெரும் பங்கு எலெக்ட்ரான்கள் ஏறக்குறைய ஒரே ஆற்றலில் சேர்ந்து வந்தன. இந்தத் துறைக்கு மரியாதை வந்த நாள் அது. அதற்குக் காரணம் உயரம் இல்லை, குவளை.

நான்கு கேள்விகள்

சரி, கண்ணுக்குத் தெரியாத ஒரு கற்றையின் தரத்தை எப்படி அளப்பது? படித்ததை நான்கு கேள்விகளாகப் பிரித்துக்கொண்டேன்.

முதல் கேள்வி: எத்தனை எலெக்ட்ரான்கள்? மொத்த மின்னூட்டத்தை அளந்து இதைச் சொல்வார்கள். அலகு பிக்கோகூலோம். ஒரு பிக்கோகூலோம் என்றால் சுமார் 62 லட்சம் எலெக்ட்ரான்கள். எக்ஸ்ரே எடுக்கப் பயன்படும் ஒளிரும் திரையையே கற்றையின் வழியில் வைத்து, அது எவ்வளவு ஒளிர்கிறது என்று படம் பிடிப்பது ஒரு வழி. கற்றையைச் சுற்றி வளையம் வைத்து அதில் தூண்டப்படும் மின்னோட்டத்தை அளப்பது இன்னொரு வழி.

இரண்டாம் கேள்வி: எல்லாம் ஒரே ஆற்றலா? காற்றடிக்கும் திடலில் பூப்பந்தையும் கிரிக்கெட் பந்தையும் ஒரே திசையில் வீசுங்கள். பூப்பந்து அதிகமாக விலகும், கிரிக்கெட் பந்து கொஞ்சமாக விலகும். இங்கே காற்றுக்குப் பதில் காந்தம். ஆற்றல் குறைந்த எலெக்ட்ரான் அதிகமாக வளையும், ஆற்றல் கூடியது குறைவாக வளையும். திரையில் எங்கே விழுகிறது என்பதைப் பார்த்தால் ஆற்றல் தெரியும். எல்லாம் ஒரே இடத்தில் விழுந்தால் நல்ல கற்றை. நீளமாகக் கோடு இழுத்தால் கலவை.

மூன்றாம் கேள்வி: எவ்வளவு நேரத்துக்குள் வருகின்றன? இந்தக் கற்றைகள் சில ஃபெம்டோவினாடிகளே நீள்பவை. ஃபெம்டோவினாடி எவ்வளவு சிறியது? ஒரு வினாடியில் எத்தனை ஃபெம்டோவினாடி இருக்கிறதோ, 3 கோடி ஆண்டுகளில் ஏறக்குறைய அத்தனை வினாடிதான் இருக்கிறது. எந்தக் கடிகாரமும் இதற்கு உதவாது.

இதற்கு விடை உறுமி மேளத்தில் இருக்கிறது. ஐம்பது பேர் அடிக்கும்போது எல்லாருடைய அடியும் ஒரே நேரத்தில் விழுந்தால் நெஞ்சு அதிரும். ஆளுக்கொரு நேரத்தில் விழுந்தால் வெறும் இரைச்சல். எலெக்ட்ரான் கூட்டம் ஒரு மெல்லிய உலோகத் தகட்டைத் தாண்டும்போது ஒளி உமிழும். கூட்டத்தின் நீளத்தைவிட அதிக அலைநீளமுள்ள ஒளியில் எல்லா எலெக்ட்ரான்களும் சேர்ந்து ஒரே அடி அடிக்கும், அந்த ஒளி பல மடங்கு பலமாக வரும். எந்த அலைநீளம் வரை அந்த ஒற்றுமை நீடிக்கிறது என்று பார்த்தால் கூட்டத்தின் நீளத்தைக் கணக்கிடலாம். பிரான்சில் 2011-இல் இப்படி அளந்து சுமார் ஒன்றரை ஃபெம்டோவினாடி என்று கண்டார்கள். அந்த நேரத்தில் ஒளிகூட அரை மைக்ரான் தூரம் தாண்டாது.

நான்காவதுதான் கடினமானது: எவ்வளவு ஒழுங்காகப் போகின்றன? தைப்பூசத்தன்று பத்துமலை வளைவின் வழியாகக் கூட்டம் நுழைவதை நினைத்துப் பாருங்கள். கூட்டம் எவ்வளவு அகலம் என்பது ஒன்று. ஒவ்வொருவரும் எந்தப் பக்கம் முகம் திருப்பி நடக்கிறார்கள் என்பது இன்னொன்று. எல்லாரும் நேராக நடந்தால் வளைவைத் தாண்டியும் கூட்டம் கட்டாகவே போகும். ஆளுக்கொரு திசையில் நடந்தால், வளைவுக்குள் நெருக்கி அடைத்தாலும் வெளியே வந்ததும் சிதறிவிடும். அகலத்தையும் திசைச் சிதறலையும் சேர்த்துச் சொல்லும் அளவுக்கு 'எமிட்டன்ஸ்' என்று பெயர். எண் சின்னதாக இருந்தால் கற்றை நல்லது. காந்த வில்லை வைத்துக் கற்றையைக் குறுக்கினால் அகலம் குறையும், ஆனால் அந்த அளவுக்குத் திசைச் சிதறல் கூடிவிடும். வில்லையால் இந்த எண்ணை ஏமாற்ற முடியாது. அதனால்தான் முடுக்கித் துறையில் இதற்கு இவ்வளவு மதிப்பு.

இதை அளக்க ஒரு வழி சல்லடை. அடர்த்தியான உலோகத் தகட்டில் மிக நுண்ணிய துளைகள் போட்டுக் கற்றையின் வழியில் வைப்பார்கள். மேசையில் இருக்கும் மிளகுத்தூள் குப்பியின் மூடி மாதிரி இருப்பதால் ஆய்வாளர்களும் அதன் பெயரையே வைத்திருக்கிறார்கள். ஒவ்வொரு துளை வழியாகவும் சின்னக் கீற்று ஒன்று போய்த் திரையில் புள்ளியாக விழும். புள்ளி எவ்வளவு பரந்திருக்கிறது என்பதிலிருந்து அந்த இடத்தில் திசை எவ்வளவு சிதறியது என்று தெரியும். ஸ்காட்லாந்தின் ஸ்டிராத்கிளைடு பல்கலைக்கழகக் குழு 2010-இல் 125 மில்லியன் எலெக்ட்ரான் வோல்ட் கற்றையை இப்படி அளந்து 1.1 என்ற எண்ணைப் பெற்றது.

எனக்குப் பிடித்தது அதை அவர்கள் எழுதிய விதம். "எங்கள் கற்றையின் எமிட்டன்ஸ் 1.1" என்று முரசு கொட்டவில்லை. இது மேல் வரம்பு என்றார்கள். அதாவது உண்மை மதிப்பு இதற்கு மேல் போகாது, குறைவாகவும் இருக்கலாம்.

அளவுகோலையும் அளக்க வேண்டும்

ஏன் அந்த அடக்கம்? அளக்கும் கருவியும் பொய் சொல்லும்.

வானொலியில் எங்களுக்கு இது தினசரி அனுபவம். ஸ்டூடியோவில் ஒலிவாங்கிக்கு அருகே யாராவது கைப்பேசியை வைத்துவிட்டால் திடீரென்று 'டிர்ர்' என்று இரைச்சல் வரும். புதிதாகச் சேர்ந்தபோது ஒருமுறை விருந்தினரின் ஒலிவாங்கி கெட்டுவிட்டது என்று நினைத்து நிகழ்ச்சியின் நடுவே அதை மாற்றினேன். ஒலிவாங்கி நன்றாகத்தான் இருந்தது. குற்றவாளி என் கைப்பேசி.

லேசர் ஆய்வுக்கூடத்திலும் அதே கதை. சக்தி வாய்ந்த லேசர் பிளாஸ்மாவில் பாயும்போது மின்காந்த இரைச்சல் கிளம்பும். மின்னூட்டத்தை அளக்கும் வளையம் அந்த இரைச்சலையும் எலெக்ட்ரான் என்று எண்ணிவிடலாம். அதற்குத் தக்க தடுப்புப் போட்டு, ஒளிரும் திரையின் அளவோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகுதான் எண்ணை நம்பலாம்.

ஆற்றலை அளப்பதிலும் பொறி உண்டு. பந்தை வீசியவரின் கையே கொஞ்சம் இடப்பக்கம் திரும்பியிருந்தால்? காற்று தள்ளிய விலகலா, கை செய்த விலகலா என்று விழுந்த இடத்தை மட்டும் பார்த்துச் சொல்ல முடியாது. இந்தக் கற்றைகள் ஒவ்வொரு முறையும் மயிரிழை திசை மாறிப் பாயக்கூடியவை. அந்தச் சின்னச் சாய்வு ஆற்றல் வேறுபாடாகத் தோற்றம் காட்டும். அதனால் இரண்டு திரைகளை வெவ்வேறு தூரத்தில் வைத்து, எந்தக் கோணத்தில் வந்தது என்பதையும் சேர்த்துக் கணக்கிடுவார்கள்.

சல்லடைக்கும் கேள்வி வந்தது. இந்தக் கற்றை பிளாஸ்மாவைவிட்டு வெளியேறும்போது சில மைக்ரான் அகலம்தான். ஆனால் சட்டென்று விரியும். கொஞ்ச தூரம் போனபின் வெளி ஓரத்தில் இருப்பவை எல்லாம் வெளிப்பக்கமாகவே ஓடிக்கொண்டிருக்கும். அப்போது ஒவ்வொரு துளையும் கற்றையின் மெல்லிய ஒரு துணுக்கை மட்டும் பார்க்கிறது. சில துளைகளை வைத்து முழுக் கற்றையையும் ஊகிப்பது தவறாகப் போகலாம் என்று இத்தாலிய ஆய்வாளர்கள் எச்சரித்தார்கள்.

மாற்று வழி, காந்த வில்லையை வைத்துக் கற்றையைக் குவித்து, வில்லையின் பலத்தை மாற்றி மாற்றிப் புள்ளியின் அளவு எப்படி மாறுகிறது என்று பார்ப்பது. இதற்குப் பல துடிப்புகள் தேவை. துடிப்புக்குத் துடிப்பு கற்றை மாறினால் எதை எதோடு ஒப்பிடுவது? ஜெர்மனியின் கார்ஹிங்கில் இருந்த குழு இதற்கு 2012-இல் ஒரு தந்திரம் செய்தது. ஒரே துடிப்பிலேயே கொஞ்சம் வெவ்வேறு ஆற்றல் உள்ள எலெக்ட்ரான்கள் இருக்கின்றன அல்லவா? வில்லை அவற்றை வெவ்வேறு இடத்தில் குவிக்கும். பிறகு காந்தம் அவற்றை ஆற்றல் வாரியாகத் திரையில் பிரித்துப் போடும். நடுவில் ஒடுங்கி இரு பக்கமும் விரிந்த, உடுக்கை மாதிரி ஒரு படம் கிடைக்கும். அந்த ஒரே படத்திலிருந்து எமிட்டன்ஸைக் கணக்கிடலாம். அவர்களின் கற்றைக்குக் கிடைத்த எண் சுமார் 0.2.

குறை என்று நினைத்த ஆற்றல் சிதறலையே அளவுகோலாக ஆக்கிவிட்டார்கள். நம் வீட்டில் பழைய சோற்றைப் பழையதாக்கிச் சாப்பிடும் சாமர்த்தியம் மாதிரிதான்.

ஒரு லட்சம் முறை

இதுவரை சொன்னவை எல்லாம் ஒரு துடிப்பின் தரம். மருத்துவமனைப் பெண் கேட்டது வேறு கேள்வி: இன்றும் அப்படியேதானா?

ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் டெசி ஆய்வு மையத்தில் லக்ஸ் என்ற லேசர்-பிளாஸ்மா முடுக்கி இருக்கிறது. 2020-இல் அங்கிருந்து வந்த ஆய்வில் ஆற்றல் சாதனை எதுவும் இல்லை. வினாடிக்கு ஒன்று என்ற கணக்கில், ஒரு நாளுக்கும் மேலாகத் தொடர்ந்து, 1 லட்சம் எலெக்ட்ரான் கற்றைகளை உருவாக்கி, ஒவ்வொன்றையும் அளந்து வைத்தார்கள். கூடவே ஒவ்வொரு துடிப்பிலும் லேசர் எப்படி இருந்தது என்பதையும் பதிவு செய்தார்கள். பிறகு இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது, எலெக்ட்ரான் ஆற்றல் ஏன் மெல்ல விலகுகிறது என்பதற்கான காரணங்கள் லேசரின் சின்னச் சின்ன மாற்றங்களிலேயே தெரிந்தன. லேசரைப் பார்த்தே கற்றை எப்படி வரும் என்று முன்கூட்டிச் சொல்லும் அளவுக்குப் போனார்கள்.

காரணம் தெரிந்தால்தானே மருந்து? அதே மையம் 2025-இல் அடுத்த படியை அறிவித்தது. பிளாஸ்மாவிலிருந்து வரும் கற்றையைக் காந்தங்களின் வழியாக அனுப்பி நீட்டி, பிறகு ஒரு வழக்கமான முடுக்கிக் குழியில் திருத்தினார்கள். ஆற்றல் சிதறல் 18 மடங்கு குறைந்தது. துடிப்புக்குத் துடிப்பு வரும் ஏற்ற இறக்கம் 72 மடங்கு குறைந்தது. இரண்டும் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் கீழே. வழக்கமான முடுக்கிகளோடு ஒப்பிடத்தக்க அளவு இது.

இடையில் இன்னொரு சான்றும் கிடைத்தது. 2021-இல் ஷாங்ஹாய் ஆய்வாளர்கள் சுமார் 490 மில்லியன் எலெக்ட்ரான் வோல்ட் ஆற்றலுள்ள கற்றையை, மாறி மாறி அடுக்கிய காந்தங்களின் நடுவே நெளிய விட்டு, 27 நானோமீட்டர் அலைநீளத்தில் லேசர் ஒளியைப் பெருக்கிக் காட்டினார்கள். தரம் குறைந்த கற்றையால் இதைச் செய்யவே முடியாது. இந்தப் பரீட்சையில் தேறியதே ஒரு தரச் சான்றிதழ். கவனியுங்கள், அவர்களின் ஆற்றல் 9.2 பில்லியனில் ஏறக்குறைய இருபதில் ஒரு பங்குதான். எங்கள் குடும்பக் குழுவுக்கு அந்தச் செய்தி வரவே இல்லை.

மாமாவுக்குப் பதில்

புற்றுநோய்க்கு வருவோம். இதில் உண்மையான ஆராய்ச்சி நடக்கிறது. மருத்துவமனை இயந்திரங்களின் எலெக்ட்ரான் கற்றை சுமார் 20 மில்லியன் வரைதான் போகும். அது உடலுக்குள் சில சென்டிமீட்டரே எட்டும். ஆழத்தில் உள்ள கட்டிகளுக்கு அந்த எலெக்ட்ரான்களை உலோகத்தில் மோத விட்டு எக்ஸ்ரேயாக மாற்றித்தான் பயன்படுத்துகிறார்கள். 100 முதல் 250 மில்லியன் அளவிலான எலெக்ட்ரான்களோ உடலின் ஆழம் வரை நேரடியாகவே போகக் கூடியவை. அந்த ஆற்றலைச் சின்ன இடத்தில் தருவதற்கு லேசர்-பிளாஸ்மா ஒரு வழியாக இருக்கலாம் என்று ஆராய்கிறார்கள். பார்த்தீர்களா, இதற்கும் 9.2 பில்லியன் தேவையே இல்லை. இருக்கிற ஆற்றலை ஒழுங்காக, ஒவ்வொரு நாளும் ஒரே மாதிரி தர வேண்டும். அவ்வளவுதான், ஆனால் அதுதான் கடினம்.

மாமாவுக்கு இப்படி எழுதினேன்: "மாமா, செய்தி பொய் இல்லை, ஆனா பாதிதான். குழாய் நிஜம், எண் நிஜம். ஆஸ்பத்திரிக்கு வர இன்னும் நாள் ஆகும். அடுத்த தடவை இப்படி ஏதாவது வந்தா எவ்வளவு சக்தின்னு பார்க்காதீங்க. எவ்வளவு துல்லியம், யார் அளந்தாங்க, எத்தனை தடவை அளந்தாங்கன்னு அதுல இருக்கான்னு பாருங்க. அதுவரைக்கும் டாக்டர் சொன்ன தேதிக்கு அம்மாவை செக்கப்புக்குக் கூட்டிட்டுப் போவோம்."

மாமா கைகூப்பும் படம் அனுப்பினார். ஐந்து நிமிடத்தில் வேறொரு செய்தி அனுப்பினார், மஞ்சள் தண்ணீர் பற்றி. அது அடுத்த சண்டை.

அன்று இரவு சாப்பிடும்போது அம்மாவிடம் எல்லாவற்றையும் விளக்கினேன். ஃபெரி, சம்பான், உறுமி மேளம் எல்லாம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். தட்டைக் கழுவப் போகும்போது திரும்பி ஒன்றுதான் கேட்டார்.

"அந்தப் புது மெஷினையும் தினமும் காலையில செக் பண்ணுவாங்களாம்மா, நம்ம பொண்ணு பண்ணுதே, அந்த மாதிரி?"

அந்த மருத்துவ இயற்பியலாளரை அம்மா இன்னும் "நம்ம பொண்ணு" என்றுதான் சொல்வார். அன்று நான் குரல் உயர்த்தியதற்கு அந்தப் பெண்ணிடம் இதுவரை மன்னிப்புக் கேட்கவில்லை. அடுத்த செக்கப் அடுத்த மாதம். கொஞ்சம் முன்னதாகவே போய் நிற்பதாக இருக்கிறேன்.

அடுத்த வாரம் சந்திப்போம்.